ரொட்டிக்குப் பின்னால் இருந்த முகம்

கோரிச்சா, 1947 மார்ச் 4

அன்புள்ள செவ்தாவுக்கு,

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன், பிறகு நலம் விசாரிக்கிறேன். போன செவ்வாய்க்கிழமை நான் உன் முகத்தில் துப்பிவிட்டேன்.

பதறாதே, உன் படத்தின் மேல்தான். போட்டோக்கடை தாஷ்கோ தன் பழைய படங்களையெல்லாம் துடைத்துச் சன்னலில் வரிசையாக வைத்திருக்கிறார். துருக்கியர் போய் செர்பியர் வந்த 1912இல் புது ஆட்சியை வரவேற்க நீ ரொட்டியும் உப்பும் ஏந்திப் பாலத்தடியில் நின்றாயே, அந்தப் படம் நடுவில் இருக்கிறது. பதின்மூன்று வயதில் கன்னமெல்லாம் ஆப்பிள் மாதிரி இருக்கிறாய். கண் பட்டுவிடக் கூடாதென்று மூன்று முறை துப்புவது நம் வழக்கம்தானே? முதல் இரண்டும் அதற்காக. மூன்றாவது எனக்காக. தாஷ்கோ வெளியே வந்து, "டோம்னா, கண்ணாடிய இப்பத்தான் தொடச்சேன்" என்றார். முந்தானையால் நானே துடைத்துவிட்டு வந்தேன்.

உன் அப்பா போய்விட்டார் என்று கேட்டு நிஜமாகவே அழுதேன். நல்ல மனிதர். ஆனால் அழுது முடித்ததும் எனக்குள் ஒரு கணக்கு ஓடியதையும் மறைக்க மாட்டேன். ரொட்டி ஏந்துகிறவளுக்கு அப்பா அம்மா இரண்டு பேரும் உயிரோடிருக்க வேண்டும் என்று நம் ஊரில் எந்தப் புண்ணியவான் விதித்தானோ, அவன் என் வாழ்க்கையைக் கெடுத்தான். என் அப்பா எனக்கு ஆறு வயதாக இருக்கும்போதே தேன்கூடு எடுக்கப் போய் மரத்திலிருந்து விழுந்தார். உன் அப்பாவோ அசையவில்லை. சுல்தான் போனார், செர்பியர் வந்தார்கள், பல்கேரியர் வந்தார்கள், மறுபடி செர்பியர், மறுபடி பல்கேரியர். ஒவ்வொருவரும் வந்து நம் வீட்டுப் பெயருக்குப் பின்னால் தங்கள் மொழியில் ஒரு வாலை ஒட்டினார்கள், அடுத்தவன் வந்து அதை வெட்டிவிட்டு வேறு ஒட்டினான். உன் அப்பா மட்டும் அதே நாற்காலியில், அதே காப்பியோடு. நாலு முறையும் மாவு பிசைந்தது நான், அடுப்பில் வெந்தது நான், பாலத்தடியில் புதுப்பாவாடையோடு நின்றது நீ.

இப்போது செய்தி. பழைய துருக்கி அதிகாரி மாளிகையில் ஊரின் வரலாறு என்று ஒரு மியூசியம் வைக்கிறார்கள். மே மாதக் கடைசியில் ஸ்கோப்யேயிலிருந்து ஒரு பெரிய தோழர் திறந்துவைக்க வருகிறார். நாற்பத்துநாலில் பல்கேரியரை விரட்ட நம் போராளிகள் மலையிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் இறங்கியதால் அவர்களுக்கு ரொட்டி உப்பு வைத்து வரவேற்பே நடக்கவில்லை. என் அடுப்பிலிருந்த பூரெக் அப்பத்தை நின்றபடியே தின்றுவிட்டுப் போனார்கள். அந்தக் குறை இப்போது தீரப் போகிறது. கமிட்டி செயலாளர் க்ளிகோர் (புகையிலைக் கிடங்கு லாஸோவின் மகன், சின்ன வயதில் என் கடையில் பூரெக் திருடுவானே, அவன்தான்) வந்து சொன்னான்: "அப்பா அம்மா உசுரோட இருக்கணும்கறதெல்லாம் மூடநம்பிக்கை, தோழர் அத்தை. ரொட்டிய நீங்களே சுடுங்க, நீங்களே ஏந்துங்க."

நாற்பத்தொன்பது வயதில், செவ்தா! நடுத்தெருவிலேயே அவனைக் கட்டிப் பிடித்து முத்தமிட்டேன். தன் பதவிக்கு அது நல்லதில்லை என்றான்.

மாமியாரின் பூவேலைத் துண்டு உன்னிடம் இருக்கிறது. ரொட்டி அதன் மேல்தான் வர வேண்டும். நீ ஊரைவிட்டுப் போன அன்று நாம் அதற்காக என்னென்ன பேசினோம் என்பதை நான் மறந்துவிட்டேன் (நீ என்னைக் கிழட்டு வாத்து என்றதைத் தவிர). அனுப்பி வை.

எழுத்து சாய்ந்து சாய்ந்து போகிறது, பொறுத்துக்கொள். நான் மூன்று வருடம்தான் பள்ளிக்கூடம் போனேன்: ஒரு வருடம் கிரேக்கப் பாதிரியிடம், ஒரு வருடம் பல்கேரிய வாத்தியாரிடம், ஒரு வருடம் செருப்பு இலவசம் என்று செர்பிய வாத்தியாரிடம். முந்தினவர் சொல்லிக்கொடுத்தது தப்பு என்பதுதான் மூன்று பேரும் சொல்லிக்கொடுத்தது.

கொழுந்தன் ஸ்பாசேவின் முதுகுவலிக்கு முள்ளங்கி அரைத்துக் கட்டு.

உன் ஓரகத்தி,
டோம்னா


ஸ்கோப்யே, 1947 மார்ச் 13

அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. நீங்கள் துப்பியதை உங்கள் கொழுந்தனிடம் சொன்னேன். சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்பதாம் நாள் படையல் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

துண்டு தர முடியாது. மாமியார் அதை என் கையில் கொடுத்தார். உங்கள் கையில் கொடுத்திருந்தால் ஒரே வாரத்தில் அடுப்புக்கரித் துணியாக ஆகியிருக்கும். இதை நான் சொல்லவில்லை, அவரே சொன்னார்.

இங்கே எங்களுக்குச் சௌகரியத்துக்குக் குறைவில்லை. வீட்டுக்குள்ளேயே குழாய். மகன் மெத்தோதிக்கு அலுவலகத்தில் தனி மேசை, தனி மைக்கூடு. பஸ் வாசலிலேயே நிற்கிறது. சமையலறையை மருமகள் பார்த்துக்கொள்கிறாள். என்னை ஒரு கரண்டிகூட எடுக்க விடுவதில்லை. உப்பு, சமையல் சோடா, மாவு எல்லாவற்றையும் ஒரே பழுப்புக் காகிதத்தில் பொட்டலம் கட்டி அடுக்கி வைத்திருக்கிறாள்; எது எது என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். நான் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். இந்த வயதில் வேறென்ன வேண்டும்?

ரொட்டி ஏந்துவது நீங்கள் நினைப்பதுபோல் சுலபமில்லை, அக்கா. கை நடுங்கக் கூடாது. சிரிக்கக் கூடாது. நீங்கள் சிரிப்பீர்கள்.

செவ்தா


கோரிச்சா, 1947 மார்ச் 29

செவ்தாவுக்கு,

துண்டை நீயே வைத்துக்கொள். எனக்கு இனி அது தேவைப்படாது. நடந்ததைச் சொல்கிறேன், உட்கார்ந்து படி.

போன வாரம் புதன்கிழமை மத்தியானம் கடையில் கூட்டம் அடங்கியிருந்தது. என் வீட்டுக்காரர் நாவூம் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். க்ளிகோர் ஒரு படத்தை எடுத்துக்கொண்டு வந்தான். நாற்பத்தொன்றில் பல்கேரியப் பட்டாளம் வந்தபோது எடுத்தது. நீ ஏன் ரொட்டியை அவ்வளவு உயரத்துக்குத் தூக்கினாயோ, ஆளே தெரியவில்லை. மேலே தலைத்துணி, கீழே இரண்டு கை, நடுவில் ரொட்டி.

"அத்தை, இது யாரு?" என்றான்.

"எதுடா?"

"இந்த ரொட்டிக்குப் பின்னாடி நிக்கறது."

மியூசியத்தில் படத்துக்குக் கீழே பேர் போடத்தான் கேட்கிறான் என்று நினைத்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று உன் பேராகவே வரிசையாக வரப்போகிறதே என்று வயிற்றில் ஒரு எரிச்சல். முதல் மூன்றிலும் உன் முகம் பளிச்சென்று தெரிகிறது, ஒன்றும் செய்வதற்கில்லை. இதில் தெரியவில்லை. தெரிவது ரொட்டிதான். அந்த ரொட்டி நான் சுட்டது. அப்படியானால் படத்தில் இருப்பது யார்? நீயே நியாயம் சொல்.

"நான்தான்டா" என்றேன்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்க என்ன இருக்கு? ரொட்டி மேல இருக்கற பின்னல எண்ணு. ஏழு. ஊர்ல வேற யாரு ஏழு பின்னல் போடுறா? அந்த ஸ்டேஷன் மாஸ்டர் பொண்டாட்டி ராய்னாவா? அவளுக்குத் தன் சடையே ஒழுங்காப் பின்னத் தெரியாது."

அவன் சிரிக்கவில்லை. பென்சிலை நாக்கில் தொட்டு எழுதினான். "மியூசியத்துக்குத்தானே?" என்று கேட்டேன். "மியூசியத்துக்கு இல்ல அத்தை, பட்டியலுக்கு" என்றான்.

நாற்பத்தொன்றில் ஆக்கிரமிப்பாளனை ரொட்டி உப்பு வைத்து வரவேற்றவர்கள் யார் யார் என்று மேலிடத்திலிருந்து கேட்டிருக்கிறார்களாம். முதல் மூன்று படமும் பழங்கதை, அதை யாரும் கேட்கவில்லை. குற்றம் நாலாவது படத்துக்குத்தான். அன்றைக்கு ஏந்திய கை இன்றைக்கு மக்கள் அரசுக்கு ஏந்தக் கூடாது. அதோடு ஏழு ஞாயிற்றுக்கிழமை சாலைக்குக் கல் உடைக்க வேண்டும். தானாக முன்வந்து செய்கிற வேலையாம். வராவிட்டால் வீட்டுக்கு ஆள் வருமாம்.

ரொட்டியை ஏந்துவது யார் தெரியுமா? ராய்னா! அதைச் சுடுவது யார் தெரியுமா? நானேதான். சுடுகிற கைக்குக் குற்றம் இல்லையாம்.

முதல் ஞாயிற்றுக்கிழமையே எனக்குச் சுத்தியல் பழகிவிட்டது, அதைப் பற்றி ஒன்றுமில்லை. பட்டாணி மாதிரி சின்னச் சின்னதாக உடைக்கிறேன் என்று மேஸ்திரி பாராட்டினார். ஆனால் ஒரு விஷயம் உனக்குத் தெரிய வேண்டும். அந்தப் படத்தை மியூசியத்திலும் மாட்டப் போகிறார்கள். நீ நின்ற இடத்துக்குக் கீழே "டோம்னா, ரொட்டிக்கடை நாவூமின் மனைவி" என்று அச்செழுத்தில் போடுவார்கள். உன் பேரன் பேத்திகள் ஊருக்கு வந்தால் அதைக் காட்டி, பெரியம்மா எவ்வளவு அழகாக நிற்கிறாள் பாருங்கள் என்று சொல். உன் கைதான், ஆனால் என் கை என்றால் யார் மறுக்கப் போகிறார்கள்?

நீ க்ளிகோருக்கு எதையும் எழுதிவிடாதே. மெத்தோதியின் மைக்கூடு கவிழ்ந்துவிடும். என்னைப் பற்றிக் கவலைப்படாதே. முப்பத்தைந்து வருடம் காத்திருந்தேன், கொஞ்சம் கல் உடைத்தால் தேய்ந்துவிட மாட்டேன்.

டோம்னா


ஸ்கோப்யே, 1947 ஏப்ரல் 7

அக்கா,

நீங்கள் ஒரு திருடி.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். எழுதாதே என்று நீங்கள் எழுதினாலே எழுது என்றுதான் அர்த்தம். இருபத்தெட்டு வருடமாக ஒரே கூரைக்குக் கீழே உங்களோடு இருந்தவள் நான். என் வயிற்றெரிச்சலைக் கிளறத்தான் அந்தக் கடைசிப் பக்கம் முழுவதையும் எழுதியிருக்கிறீர்கள். கிளறிவிட்டீர்கள்.

அது என் படம். அந்தக் கை என் கை. நேற்றே தோழர் க்ளிகோருக்குப் பதிவுத் தபாலில் எழுதிவிட்டேன். நான்தான், டோம்னா இல்லை, அவள் அன்று அடுப்படியில் இருந்தாள், வேண்டுமானால் இரண்டு பேருடைய கையையும் ஒப்பிட்டுப் பாருங்கள் என்று எழுதினேன். மெத்தோதி கத்தினான். "அம்மா, உங்களுக்கு என்ன பைத்தியமா? யாராவது குத்தத்த எனக்குக் குடுங்கன்னு வரிசையில நிப்பாங்களா?" மருமகள் தட்டுகளைச் சத்தமாக வைத்தாள். உங்கள் கொழுந்தன் மட்டும், "விடுடா, அவங்க ரெண்டு பேர் விஷயம் உனக்குப் புரியாது" என்றார்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், பிறகு எழுதத் தோன்றாது.

நாற்பத்தொன்றில் ஏன் உயர்த்திப் பிடித்தேன் என்று கேட்டீர்கள். பயம். அந்த வாரம் பாலத்தடியில் துப்பாக்கியோடு நின்றவர்களை நீங்களும்தான் பார்த்தீர்கள். என்னை ஏந்தச் சொல்லி ஊர்த்தலைவர் நம் வீட்டுக்கு ஆள் அனுப்பினார், மாட்டேன் என்று சொல்ல யாருக்குத் தைரியம்? என் முகம் யாருக்கும் தெரியக் கூடாது என்று ரொட்டிக்குப் பின்னால் ஒளிந்தேன். அதை நீங்கள் பெருமை என்று நினைத்து ஆறு வருடமாக வயிறெரிந்திருக்கிறீர்கள்.

நாலு அரசாங்கத்துக்கு முன்னால் உங்கள் ரொட்டியை ஏந்தியிருக்கிறேன், அக்கா. குதிரை மேல் வந்தவன், காரில் வந்தவன், நடந்து வந்தவன் என்று எல்லோரும் பிய்த்து வாயில் போட்டுவிட்டு ஒரே வார்த்தைதான் சொன்னார்கள்: "நல்ல ரொட்டி." ஒருவனும் என் முகத்தைப் பார்த்ததில்லை. முடிந்ததும் ஊரே உங்கள் கடைக்கு ஓடும். உங்களைச் சுற்றிச் சிரிப்பு. நான் துண்டை மடித்துக்கொண்டு வீட்டுக்குப் போவேன். பட்டுப் பாவாடையில் வியர்வை.

யாருக்கு யார் மேல் பொறாமை இருக்க வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

இப்போது இங்கே சமையலறைப் பக்கம்கூட எனக்கு வேலையில்லை. குழாயைத் திறந்து மூடுகிறேன்.

ராய்னா ஏந்தினால் எனக்கும் பொறுக்காது. அவள் முழங்கை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

செவ்தா


கோரிச்சா, 1947 ஏப்ரல் 27

என் செவ்தாவுக்கு,

உன் கடிதம் க்ளிகோர் கையில் கிடைத்த அன்றே என்னைக் கூப்பிட்டனுப்பினான். மேசைமேல் படம், படத்துக்குப் பக்கத்தில் உன் கடிதம்.

"கைய நீட்டுங்க அத்தை" என்றான். நீட்டினேன். முழங்கை வரைக்கும் அடுப்பு சுட்ட தழும்பு. பூதக்கண்ணாடியை எடுத்துப் படத்திலிருந்த கைகளைப் பார்த்தான். முட்டை ஓடு மாதிரி வழவழவென்று இருக்கிறது உன் கை. நாற்பத்திரண்டு வயதில்! என்ன தடவினாய் என்று இதுவரை சொன்னதில்லை.

"ஊர்ல நூத்துப்பத்து பேர விசாரிச்சேன். எல்லாரும் நான் இல்ல, நான் இல்லன்னாங்க. நீங்க ரெண்டு பேர் மட்டும் நான்தான் நான்தான்னு அடிச்சுக்கறீங்க. இத நான் மேல என்னன்னு எழுதி அனுப்பறது?" என்று தலையில் கை வைத்துக்கொண்டான்.

"எழுதாத. ஊர்த்தலைவர் ஆள் அனுப்பினா எந்தப் பொம்பளை மாட்டேன்னு சொல்லியிருப்பா? உங்க அம்மா அன்னைக்குப் பல்கேரியக் கொடி தச்சாளே, அவ பேரு பட்டியல்ல இருக்கா?" என்று கேட்டேன்.

படத்தைக் கவிழ்த்து வைத்தான். பிறகு நீ இந்த மாவட்டத்தில் இல்லை, அதனால் உன் விஷயம் தன் அதிகாரத்தில் வராது என்று எழுதிக் கோப்பை மூடிவிட்டான். மெத்தோதியின் மைக்கூடு பத்திரம். என்னைக் கல்லிலிருந்தும் விடுவித்துவிட்டான். மூன்று ஞாயிறு பாக்கி இருக்கும்போதே விடுவித்தான், மேஸ்திரிக்குத்தான் வருத்தம். மியூசியத்தில் படத்துக்குக் கீழே வருடம் மட்டும் இருக்கும். உன் பேரும் இல்லை, என் பேரும் இல்லை. இரண்டு பேருக்கும் சமமாக வயிறெரியட்டும்.

மே 25 அன்று ரொட்டி ஏந்துவது நான். ராய்னா என்னைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் போகிறாள்.

நீ எழுதிய அந்த நீளமான பத்தியை நாவூமிடம் படித்துக்காட்டச் சொன்னேன், எனக்கு எழுத்து மங்கியது. அடுப்புப் புகை. நீ துண்டை மடித்துக்கொண்டு போவதை நான் பார்த்திருக்கிறேன். கர்வம் பிடித்தவள், எங்களோடு உட்கார மாட்டாள் என்று நினைத்தேன். ஒருமுறை, "செவ்தா, வாடி, ஒரு துண்டு தின்னுட்டுப் போ" என்று கூப்பிட வாய் வரை வந்தது. கூப்பிடவில்லை. உன் பாவாடையைப் பார்த்தேன், வாய் மூடிக்கொண்டது.

டோம்னா


ஸ்கோப்யே, 1947 மே 12

அக்காவுக்கு,

இத்துடன் துண்டு வருகிறது. கொடுக்கவில்லை, இரவலாக. கறை பட்டால் உங்களைத் தெருவில் வைத்துக் கேட்பேன்.

உப்பும் அனுப்பியிருக்கிறேன். ரொட்டி உங்களுடையது, முகமும் இந்த முறை உங்களுடையது. உப்பாவது என்னுடையதாக இருக்கட்டும். உங்கள் ஊர்க் கல் உப்பு இல்லை, பட்டணத்து உப்பு, வெள்ளை வெளேரென்று மாவு மாதிரி இருக்கும். மருமகள் கடைக்குப் போன நேரத்தில் அலமாரிப் பொட்டலத்திலிருந்து நானே என் கையால் எடுத்துக் கட்டினேன். இந்த வீட்டில் ஒரு வருடத்துக்குப் பிறகு நான் செய்த முதல் சமையலறை வேலை.

சில குறிப்புகள். ரொட்டியை நெஞ்சுக்குக் கீழே பிடியுங்கள், உயர்த்தாதீர்கள். காலை ஒட்டி வையுங்கள். அவர் பிய்க்கும்போது கொஞ்சம் முன்னால் சாய்ந்து கொடுங்கள், ஏழு பின்னல் ரொட்டி சுலபமாகப் பிய்யாது. தயவுசெய்து சிரிக்காதீர்கள்.

வர ஆசைதான். மெத்தோதி வேண்டாம் என்கிறான். நீங்கள் தலைத்துணியை எப்படிக் கட்டினீர்கள், ராய்னாவின் முகம் எப்படி இருந்தது, எல்லாவற்றையும் எழுதுங்கள்.

செவ்தா


கோரிச்சா, 1947 ஜூன் 1

அன்புள்ள செவ்தாவுக்கு,

துண்டும் உப்பும் நல்லபடியாக வந்து சேர்ந்தன. இனி நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

தலைத்துணியை நீ கட்டுவதுபோலத்தான் கட்டினேன். காது தெரிய. ராய்னா முன்வரிசையில் நின்றாள், முகம் ஊறுகாய் ஜாடிக்குள்ளிருந்து எடுத்த மிளகாய் மாதிரி. பாலத்தடியில் நான் நின்றபோது எதிரே ஊர் முழுக்க இருந்தது. நாவூம் புதுத் தொப்பி போட்டிருந்தார். ரொட்டி நெஞ்சுக்குக் கீழே, கால் ஒட்டி. எல்லாம் நீ சொன்னபடி. கை நடுங்கியது, செவ்தா. முப்பத்தைந்து வருடம் மாவு அடித்த கை. நாலு முறை நீ எப்படி நின்றாயோ தெரியவில்லை.

கார் வந்தது, பெரிய தோழர் இறங்கினார். குட்டையான, களைத்த மனிதர். என் முகத்தைப் பார்ப்பார் என்று கழுத்தை நீட்டிக் காத்திருந்தேன். பார்க்கவில்லை. ரொட்டியைத்தான் பார்த்தார். நீ சொன்னது அப்படியே உண்மை. ஒரு நொடி உன்மேல் எனக்கு ஒரு பொறாமையும் இல்லாமல் இருந்தது. பிறகு உன் கையின் வழவழப்பு ஞாபகம் வந்து சரியாகிவிட்டது.

உன் உப்பை நான் நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை. விருந்தாளிக்கு வைத்ததை முன்னால் ருசி பார்க்கக் கூடாது என்று இரண்டு பேருக்கும் சொல்லிக்கொடுத்தது மாமியார்தான். கிண்ணத்தில் கொட்டும்போது பட்டணத்து உப்பு இவ்வளவு பொடியாகவா இருக்கும் என்று மட்டும் நினைத்தேன்.

அவர் பெரிய துண்டாகப் பிய்த்தார். உன் உப்பில் அழுத்தித் தொட்டார். வாயில் போட்டார். க்ளிகோர் நீட்டிய புளிப்பு ஒயினை மேலே ஒரு மிடறு குடித்தார். நுரை வந்தது. அதிகமில்லை, மீசை வரைக்கும். "நல்ல ரொட்டி" என்றார். அவர் ஒரு மணி நேரம் பேசுவதாக இருந்தது, பேசவில்லை. தாஷ்கோ சரியாக நுரை வந்த நேரத்தில் படம் எடுத்துவிட்டார். படமெடுத்த கண்ணாடித் தகட்டை க்ளிகோர் அன்று சாயங்காலமே வந்து வாங்கிக்கொண்டு போனான், ஆனால் அதற்கு முன்னால் தாஷ்கோ எனக்கு ஒரு படம் போட்டுக் கொடுத்திருந்தார். நான் நன்றாக விழுந்திருக்கிறேன்.

துண்டில் கொஞ்சம் ஒயின் சிந்திக் கறையாகிவிட்டது. மிச்சமிருந்த உன் உப்பைப் போட்டு ஊறவைத்துத் துவைத்தேன். நன்றாக வெளுத்திருக்கிறது.

உன் ஓரகத்தி,
டோம்னா